ஒன்பது புள்ளி நான்கு

ஆடி 1, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு என் கல்யாண மண்டபத்தில் தாலி கட்ட ஆள் கிடையாது. மற்ற மண்டபக்காரர்கள் இந்த மாதத்தில் வெள்ளையடிப்பார்கள். நான் விளையாட்டுக்குத் தொண்டு செய்கிறேன். ஆடி பதினொன்றாம் தேதி எங்கள் மண்டலக் கலைச் சறுக்குச் சங்கத்தின் தேர்வுப் போட்டி. இடம், வழக்கம்போல என் மண்டபத்து டைனிங் ஹால். நடுவர்களில் ஒருவர், வழக்கம்போல நான்.

இந்த டைரியைப் பிற்காலத்தில் யாராவது எடுத்துப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான்கு சக்கரம் வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, பாட்டுக்கு ஏற்றபடி வளைந்து, சுழன்று, எகிறிக் குதிப்பதுதான் கலைச் சறுக்கு. ஓடி முந்துகிற போட்டி என்றால் கோட்டைத் தொட்டவன் ஜெயித்தான், நடுவருக்கு வேலையே இல்லை. இதில் அழகைப் பார்த்து மார்க் போட வேண்டும். அதற்குக் கண் வேண்டும், நடுநிலை வேண்டும். நான் சென்னையில் இரண்டு நாள் முகாமில் உட்கார்ந்து பேட்ஜ் வாங்கியவன். அதற்கு முன்னால் பல வருடம் மார்கழிக் கோலப் போட்டிக்கு நடுவராக இருந்தவன். நாச்சிமுத்து ஒருபக்கம் சாய்ந்தான் என்று இதுவரை யாரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை.

காலையிலேயே ஆட்களை வைத்து ஹாலைத் தேய்க்க ஆரம்பித்தோம். ஆனி முகூர்த்தங்களின் நெய் இன்னும் கிரானைட்டில் இருக்கிறது.

ஆடி 2, வெள்ளி

என் மகள் மிருதுளா ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருடம் பத்தாவது என்பதால் என் மனைவி கோகிலா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: இந்த ஆடியோடு பூட்ஸ் பரணுக்குப் போகிறது. மாநிலப் போட்டிக்கு எங்கள் மண்டலத்திலிருந்து ஒரே ஒரு பெண்தான் போக முடியும். ஆகவே மிருதுளாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. குழந்தை ஆறு வருடமாகக் காலையில் எழுந்து ஆடுகிறாள்.

இப்போது ஆக்ஸல் என்று ஒரு தாவலைப் பழகுகிறாள். முன்பக்கமாக ஓடிவந்து எகிறி, காற்றிலேயே ஒன்றரைச் சுற்று சுற்றி, ஒற்றைக் காலில் பின்பக்கமாக இறங்க வேண்டும். இதுவரை ஒருதரம்கூடச் சரியாக வரவில்லை. இடுப்பில் கன்றிப்போய்க் கிடக்கிறது.

சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா, ஸ்கூல்ல ஒருத்தி கேட்டாளுங்ப்பா, உங்கப்பா உனக்கு எத்தன மார்க் போடுவாருன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நான் ஒண்ணுஞ் சொல்லலீங்ப்பா. எத்தன போடுவீங்க?"

"நல்லா ஆடுனா நல்லாப் போடுவேன்."

"ஆடாட்டி?"

சாப்பாட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படியெல்லாம் பேசக் கூடாது என்று சொன்னேன். ரசம் நன்றாக இருந்தது.

ஆடி 3, சனி

நடுவர் கூட்டம். நாங்கள் மூன்று பேர்தான். பல் டாக்டர் வேணுகோபால் சங்கத்தின் தலைவர், கோப்பைகளை வாங்கித் தருபவர். அவர் மகள் ஹர்ஷிதா போட்டியில் இருக்கிறாள். தாளாளர் சுலோசனா மேடத்தின் பள்ளிக்கூடத்திலிருந்துதான் மைக்கும் நாற்காலியும் வருகின்றன. அவருடைய தம்பி மகள் அனன்யா போட்டியில் இருக்கிறாள். தரை என்னுடையது, என் மகள் போட்டியில் இருக்கிறாள்.

சொந்தப் பிள்ளை ஆடும்போது நடுவர் மார்க் போடலாமா என்பதற்குச் சங்கத்தில் விதி உண்டு. போடலாம். ஆனால் போட்டி தொடங்குமுன் எழுந்து நின்று மைக்கில் உறவைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் தோஷம் கழிந்தது. இதைவிட வெளிப்படையான ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"நமக்குள்ள ஒளிவு மறைவு கெடையாதுங்க," என்றார் டாக்டர்.

"எல்லாம் நம்ம குழந்தைங்கதானுங்களே," என்றார் மேடம்.

நான் மூன்று இளநீர் வெட்டச் சொன்னேன். மூன்று பேரும் இளநீரையே பார்த்துக்கொண்டு குடித்தோம்.

மூன்று பிள்ளைகளுக்கும் கோச் ஒருவர்தான், பிரான்சிஸ். உண்மையில் யார் நன்றாக ஆடுகிறாள் என்று அவரைக் கேட்டுப் பிரயோசனமில்லை. மூன்று வீட்டிலும் காபி குடிப்பவர். "மூணுமே ரத்தினமுங்க" என்பார்.

ஆடி 5, திங்கள்

வந்தது வினை. சென்னையில் இருக்கிற தலைமைச் சங்கத்திலிருந்து போன். ஒரு பிரிவில் நான்கு பேராவது ஆட வேண்டுமாம். மூன்று பேர்தான் என்றால், வெளியிலிருந்து ஒரு நடுவரை அனுப்பி அவர்களே ஆளைத் தேர்ந்தெடுப்பார்களாம். யாரோ ஒரு வெளியாள், முன்பின் தெரியாதவன், ஆடுவதை மட்டும் பார்த்து முடிவு சொல்வதா? நாங்கள் மூன்று பேரும் அந்த நிமிடமே ஒற்றுமையாகிவிட்டோம். நான்காவது ஆளைப் பிடிக்கும் பொறுப்பு என்னுடையது.

எங்கள் மாடி வீட்டில் இசக்கியப்பன் என்று ஒருவர் குடியிருக்கிறார். கரண்ட் ஆபீஸில் இன்ஜினியர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருக்கு ஒரு மகள், பெயர் பிரம்மசக்தி. பிறந்தநாளுக்கு யாரோ ஒரு சறுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்களாம். அவள் அதைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் விழும் சத்தம் எனக்குத் தினமும் கேட்கும். நேராக மாடியேறிப் போய்க் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, வெளையாடுதீங்களா? அதப் போட்டா செவரப் புடிச்சிக்கிட்டுல்லா நடக்கா," என்றார் இசக்கியப்பன்.

"நின்னாப் போதுமுங்க. நாலாவது ஆளா பேரு இருந்தாச் சரி."

"விழுந்துட்டான்னா?"

"விழுந்தா இன்னும் நல்லதுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அனுபவம் கிடைக்கும் என்ற அர்த்தத்தில் சொன்னேன் என்று விளக்கினேன். பின்னாலிருந்து முறுக்கைக் கடித்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள், "அங்கிள், டிரெஸ்ல ஜிகினா உண்டா?"

உண்டு என்றேன். உடனே ஒத்துக்கொண்டாள்.

ஆடி 7, புதன்

தேங்காய் நார் தீர்ந்துவிட்டது. நெய் தீரவில்லை.

ஆடி 9, வெள்ளி

அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றப் போய்விட்டு வந்து, தனியாக உட்கார்ந்து யோசித்தேன். டாக்டர் தன் மகளுக்கு வாரிக் கொடுப்பார், என் மகளுக்குக் கிள்ளிக்கூடக் கொடுக்க மாட்டார். மேடமும் அப்படித்தான். இப்படிப்பட்ட ஆட்களுக்கு நடுவில் நான் மட்டும் நேர்மையாக மார்க் போட்டால் அது மிருதுளாவுக்குச் செய்கிற துரோகம். ஆகவே நியாயம் கெடாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். மிருதுளாவுக்கு முதலிடம். ஹர்ஷிதாவும் அனன்யாவும் கடைசி இரண்டு இடம். இரண்டாம் இடம் பிரம்மசக்திக்கு. யாருடைய சிபாரிசும் இல்லாத பிள்ளைக்கு நல்ல மார்க் போட்டிருக்கிறாரே என்று ஊர் மெச்சும். அவளால் யாருக்கும் ஆபத்தும் இல்லை. இப்படி ஒரு யோசனை இன்னொருவருக்குத் தோன்றவே தோன்றாது.

மாலையில் மிருதுளா ஆக்ஸல் பழகி மறுபடி விழுந்தாள். கோகிலா தைலம் தேய்த்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம அதை வெக்கறேங்ப்பா," என்றாள் மிருதுளா.

"வேண்டாங் கண்ணு. விழுந்தா வம்பு. அழகா ரெண்டு சுத்து சுத்திட்டு வணக்கம் போடு, போதும்."

"போதும்னா எப்புடீங்ப்பா?"

"போதும்னா போதும்."

அவள் எழுந்து போய்விட்டாள். இந்த வயதில் பிள்ளைகளுக்குக் காரணமில்லாமல் கோபம் வரும்.

ஆடி 11, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. முறைப்படியே எழுதுகிறேன்.

காலையிலிருந்தே கூட்டம். பந்தி பரிமாறுகிற மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கி, நடுவில் ஆட்டம். நாங்கள் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். டாக்டர் எழுந்து, "போட்டியாளர் ஹர்ஷிதா என் மகள்" என்று மைக்கில் அறிவித்தார். கைதட்டல். மேடம், "அனன்யா என் தம்பி மகள்" என்றார். கைதட்டல். நான் சொன்னபோதுதான் அதிகக் கைதட்டல் என்று கோகிலா சொன்னாள்.

முதலில் ஹர்ஷிதா. ஆள் நன்றாகத்தான் ஆடுகிறாள், ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. 6.1. அடுத்து அனன்யா. சிரிப்பில் ஒரு செயற்கை. 6.0. மேடம் தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு ஏதோ எழுதினார். பேனா அசைந்த விதத்திலேயே அது ஒன்பதரைக்கு மேல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாவது மிருதுளா. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். பாட்டுத் தொடங்கியதும் டாக்டர் பேனாவைத் திறந்தார். பாதிப் பாட்டில் ஒரு எண்ணை எழுதினார், ஐந்துதான், மேலே கொம்பு இருந்தது. பிறகு ஒரு புள்ளி. பிறகு மேடத்தின் பக்கம் பார்த்தால் அவர் எழுதி முடித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஹாலில் திடீரென்று ஒரு சத்தம், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், கோச் விசிலடித்தார். மிருதுளா நன்றாக ஆடினாள். 9.4.

கடைசியாக பிரம்மசக்தி. ஜிகினா ஜொலித்தது. கரகாட்ட மேளப் பாட்டு ஒலிக்க, நேராக ஓடிவந்தாள். திரும்பத் தெரியாததால் நேராகவே போய் ஒரு மேசையில் மோதினாள். எழுந்து, மேசைக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு, திரும்பவும் நேராக ஓடிவந்தாள். நடுவில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே கையை ஆட்டிச் சிரித்தாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் ஏற்கனவே தீர்மானித்தபடி 7.5.

கோச் பிரான்சிஸ் மார்க்குகளைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு இன்னொரு தரம் கூட்டினார். பிறகு மைக்கை வாங்கி, தன் தவறு எதுவும் இதில் இல்லை என்று சொல்லிவிட்டு வாசித்தார்.

மிருதுளா 21.2. ஹர்ஷிதா 21.5. அனன்யா 21.6. பிரம்மசக்தி 22.9.

டாக்டர் 7.6 போட்டிருக்கிறார். மேடம் 7.8. மூன்று பேரும் ஒரே யோசனை பண்ணியிருக்கிறோம்! ஹாலில் யாரும் கைதட்டவில்லை. பிரம்மசக்தி மட்டும் தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் மிருதுளா கேட்டாள், "பாத்தீங்களாப்பா?"

"பாக்காம? நடுவருன்னா எல்லாத்தையுந்தான் பாப்பான்."

"எந்தக் கால்ல எறங்குனேன்?"

"எந்தக் கால்னா என்ன கண்ணு, அழகா எறங்குனே."

சரிங்ப்பா என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். தோற்றதற்காக அழவில்லை. தைரியமான பெண், என்னைப் போல.

ஆடி 13, செவ்வாய்

பெற்றோர்களின் வாட்ஸாப் குழுவில் நெருப்புப் பற்றி எரிகிறது. மேசையில் மோதியதற்கு 22.9 என்றால், சுவரில் மோதியிருந்தால் எவ்வளவு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவசரக் கூட்டம் போட்டோம். இளநீர் இல்லை.

டாக்டர் ஆரம்பித்தார். "நாச்சிமுத்துண்ணா, உங்க மண்டபத்துக்குப் புதுசா கரண்ட் சர்வீஸ் கேட்டிருக்கீங்களாமா? மாடியிலயே இன்ஜினியரைக் குடி வெச்சிருக்கறீங்க."

"உங்க ஆஸ்பத்திரிக்கும் கேட்டிருக்கறீங்களே டாக்டர்."

மேடம், "ஆக ரெண்டு பேருஞ் சேந்து பண்ணதுதானுங்களா இது?" என்றார்.

"உங்க ஸ்கூல் வாசல்ல இருக்கற டிரான்ஸ்பார்மரை நகத்தோணும்னு நடையா நடக்கறது யாருங்க மேடம்?" என்று கேட்டேன்.

அப்புறம் டாக்டர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "சரி, அந்தப் புள்ளைக்கு எதுக்கு ஏழரை போட்டீங்க?"

உங்கள் மகளைக் கீழே தள்ள அவளை மேலே வைத்தேன் என்று சொல்லவா? "நீங்க எதுக்கு ஏழு புள்ளி ஆறு போட்டீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். டாக்டர் போனை எடுத்துப் பார்த்தார். மேடம் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். மார்க் தாள்களை வெளியிட வேண்டும் என்று மூவருமே உரக்கச் சொன்னோம். மற்ற இரண்டு பேருடையதை மட்டும்.

கடைசியில் ஒரு மனதாகத் தீர்மானம் நிறைவேறியது: "செல்வி பிரம்மசக்தியின் ஆட்டத்தில், வெறும் நுட்பத்துக்கு அப்பாற்பட்ட ஓர் உள்ளார்ந்த மலர்ச்சி இருந்ததை மூன்று நடுவர்களும் தனித்தனியே உணர்ந்தனர்." வாசகம் என்னுடையது. மேடம் 'உள்ளார்ந்த' என்ற சொல்லைச் சேர்த்தார்.

ஆடி 15, வியாழன்

காலையில் இசக்கியப்பன் மகளை அழைத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"அண்ணாச்சி, இது சரிப்படாது. புள்ள போவலைன்னு எழுதிக் குடுத்துருதேன். ஆபீஸ்ல என்னைப் பாத்துச் சிரிக்காங்க."

எனக்கு மனசு குளிர்ந்தது. மகராசனாக எழுதிக் கொடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சட்டென்று உறைத்தது. முதலிடம் விலகினால் இரண்டாமிடம் போகும். இரண்டாமிடம் அனன்யா! டைனிங் ஹாலைத் தேய்த்தது நான், மாநிலப் போட்டிக்கு மேடத்தின் தம்பி மகளா?

"எழுதப்படாதுங்க!" என்று கத்திவிட்டேன். "இப்பேர்ப்பட்ட மலர்ச்சியை வீட்டுல பூட்டி வெக்கலாங்களா?"

போனில் டாக்டரைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் அவர் வந்து, திறமை என்பது கடவுள் கொடுப்பது என்று இசக்கியப்பனிடம் அரைமணி நேரம் பேசினார். பேசி முடித்துப் பிரம்மசக்தியின் பல்லை இலவசமாகப் பார்த்தார். சொத்தை ஒன்று இருக்கிறதாம்.

இத்தனையிலும் என் மகளின் பெயரை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. குடும்பத்தோடு பவானி கூடுதுறைக்குப் போய்க் குளித்தோம். தண்ணீர் நிறையப் போகிறது. அங்கே படித்துறையில் சுலோசனா மேடம், இசக்கியப்பனின் மனைவிக்குக் காதோலைக் கருகமணியும் ஒரு தட்டுப் பழமும் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "விழுந்து கைகாலு ஒடஞ்சா நாளைக்கு யாருங்க பொறுப்பு? பொட்டப் புள்ள பாருங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்ன ஒரு சுயநலம்! ஒரு குழந்தையின் எதிர்காலத்தில் விளையாடுகிறார்கள்.

திரும்பும் வழியில் முட்டிக்கும் முழங்கைக்கும் காப்பு, ஒரு ஹெல்மெட் எல்லாம் வாங்கினேன். பிரம்மசக்திக்கு.

"நம்ம புள்ள இடுப்புல கன்னிப்போயி நின்னப்ப இதெல்லாம் வாங்கத் தோணலீங்களா?" என்றாள் கோகிலா. கூட்டத்தில் சரியாகக் காதில் விழவில்லை.

ஆடி 20, செவ்வாய்

கோச் பிரான்சிஸ் பிரம்மசக்திக்குச் சொல்லித்தர மறுத்துவிட்டார். மேடம் வீட்டுக் காபி நின்றுவிடும் என்ற பயம். என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டே ஹாலுக்குப் போனால் அங்கே ஒரே சிரிப்புச் சத்தம். மிருதுளா அவளைக் கையைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"திரும்புறப்ப தோளை மொதல்ல திருப்போணும், கால் தானா வரும். இன்னொருக்கா பண்ணு, சக்தி."

"அக்கா, விழுந்தா?"

"விழு. எந்திரி. அவ்வளவுதான்."

விழுந்தாள். எழுந்தாள். மூன்றாம் முறை வளைந்து திரும்பிவிட்டாள்! இரண்டு பேரும் கத்தின கத்தலில் சமையற்கட்டிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். மிருதுளா இப்படி வாய்விட்டுச் சிரித்து நாளாயிற்று. நான் உள்ளே போனதும் நின்றுவிட்டது.

பிரம்மசக்தி போட்டிருந்த பூட்ஸ் எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.

ஆடி 23, வெள்ளி

ஆவணிக்குள் ஜெனரேட்டரைச் சரிபார்க்க வேண்டும். வாழைமரக்காரருக்குச் சொல்லியாயிற்று.

ஆடி 25, ஞாயிறு

மாநிலப் போட்டி. பிரம்மசக்தியை நானும் டாக்டரும் இசக்கியப்பனும் அழைத்துப் போனோம். நல்லபடியாகக் கடைசி இடம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினால் எல்லோருக்கும் நிம்மதி என்பதுதான் எங்கள் திட்டம்.

எங்களையும் சேர்த்து எட்டு மண்டலம், எட்டுப் பெண்கள்; எங்கள் மண்டலம் தவிர மற்றவற்றிலிருந்து ஏழு நடுவர்கள். போட்டி தொடங்குமுன் ஏழு பேரும் வரிசையாக எழுந்து மைக்கில் உறவைச் சொன்னார்கள். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிரம்மசக்தி இரண்டு தரம் வளைந்து திரும்பினாள், இரண்டு தரம் விழுந்தாள், விழுந்தபோதெல்லாம் சபைக்கு வணக்கம் வைத்தாள். ஏழு நடுவர்களும் தங்கள் பெண்ணுக்கு அடுத்தபடியாக இவளுக்கு நல்ல மார்க் போட்டிருக்கிறார்கள். இவளால் யாருக்கு என்ன ஆபத்து? இரண்டாம் இடம். மாநில அணிக்கு இரண்டு பேர். தேசியப் போட்டிக்குப் போகிறாள்.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் வெளங்கலை," என்றார் இசக்கியப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எம்புள்ள நெசமாவே அவ்வளவு நல்லாவா ஆடுதா?"

உள்ளார்ந்த மலர்ச்சி என்றேன்.

ஆடி 29, வியாழன்

பாராட்டு விழா, நம் மண்டபத்தில். வாசலில் பிளெக்ஸ் வைத்தோம். நடுவில் நான், டாக்டர், மேடம். கீழே வலது மூலையில் பிரம்மசக்தி. மேடமும் வந்து பொன்னாடை போர்த்தினார். இந்த மாணிக்கத்தை முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்று மூன்று பேரும் தனித்தனியாகப் பேசினோம்.

பிரம்மசக்தியிடம் மைக்கைக் கொடுத்தார்கள். "எனக்குச் சொல்லிக் கொடுத்தது மிருதுளாக்கா. அவங்க ஆக்ஸல் போட்டாங்க, நாங்கூட அன்னைக்குக் கத்துனேன். நம்ம ஊர்ல யாரும் போட்டதில்லையாம்" என்றாள். எல்லோரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் கைதட்டினேன்.

மிருதுளா விழாவுக்கு வரவில்லை. டியூஷன் என்று கோகிலா சொன்னாள்.

ஆவணி 1, ஞாயிறு

ஆவணி பிறந்தாயிற்று. இந்த வாரக் கடைசியில் முதல் முகூர்த்தம். மேசைகளை எல்லாம் ஹாலின் நடுவில் திரும்பப் போட்டுவிட்டார்கள்.

காலையில் கோகிலாவின் போனில் மண்டபத்துப் படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன், பெண் வீட்டார் கேட்டிருந்தார்கள். அதில் அந்த வீடியோ கிடைத்தது. ஆடி பதினொன்று, மிருதுளா. கோகிலா எடுத்திருக்கிறாள்.

பார்த்தேன். என் மகள் ஹாலின் அந்த மூலையிலிருந்து வருகிறாள். கையை இழுத்துக்கொள்கிறாள், எகிறுகிறாள். காற்றில் சுற்றுகிறாள். என் பெண்தானா என்று இருந்தது. வந்து இறங்குகிறாள், ஒற்றைக் காலில், பின்பக்கமாக, கையை விரித்துக்கொண்டு. அப்படி ஓர் அழகை நான் எந்தப் போட்டியிலும் பார்த்ததில்லை. இறங்கினவுடனே அவள் எங்கள் மேசையைத்தான் திரும்பிப் பார்க்கிறாள்.

மேசையில் ஒரு ஆள் குனிந்துகொண்டிருக்கிறான். அவன் பக்கத்தில் இருப்பவரின் தாளை எட்டிப் பார்க்கிறான். ஹாலே எழுந்து நிற்கிறது, அவன் நிமிரவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அவள் எகிறுவதற்கு முன்னால், இந்தத் தரமாவது நிமிர்ந்து பாருடா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். ஒன்பது புள்ளி நான்கு போட்டிருக்கிறான். எதைப் பார்த்துப் போட்டான்?

மிருதுளா உள்ளறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"வலது கால்ல கண்ணு," என்றேன்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "வீடியோ பாத்தீங்களாப்பா?"

"ஆமா."

அவள் நோட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். நான்தான் கேட்டேன், "ஒருக்கா நேர்ல ஆடிக் காட்டறயா? மேசையெல்லாம் ஒதுக்கச் சொல்றேன். மார்க் கீர்க் ஒண்ணும் வேண்டாம், சும்மா பாக்கறேன்."

"பூட்ஸ் சக்திகிட்டக் குடுத்துட்டேங்ப்பா. நேஷனல்ஸ் போறாளல்ல. எப்படியும் பரண்லதான கெடக்கப்போகுது."

சரி என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் கணக்கைத் தொடர்ந்தாள்.